ஆள் தேவை! கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளின் தீராத தலைவலி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ராம் எத்தனை ஜி.பி., ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று நான்கு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துவிட்டால் அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் விசாரிப்பதில்லை. வாரண்டி இருக்கும் வரை கம்பெனியின் சர்வீஸ் சென்டர். வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து தெருமுனைக் கடைதான். அந்தக் கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் கை நல்ல கையாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் பிழைக்கும். அதில் இருக்கும் குழந்தையின் போட்டோக்களும், பிள்ளையின் பிராஜெக்டும், வீட்டுக் கணக்கும் பிழைக்கும்.

அந்த நல்ல கை கிடைப்பதுதான் இன்று கடைக்காரர்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. சர்வீஸ் கடைக்கு ஆள் ஏன் கிடைப்பதில்லை, கிடைத்தவர் ஏன் தங்குவதில்லை, இதில் வாடிக்கையாளரான உங்களுக்கு என்ன பங்கு என்று இங்கே பார்ப்போம்.

கோவிலம்பாக்கத்தை எடுத்துக் கொள்வோம்

சென்னையின் தென்புறநகரில், கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே இருக்கிறது கோவிலம்பாக்கம். அருகிலேயே ஈச்சங்காடு சந்திப்பு. அங்கிருந்து 200 அடி ரோட்டில் ஒரு பக்கம் போனால் பல்லாவரம், மறுபக்கம் போனால் துரைப்பாக்கம். துரைப்பாக்கம் என்றால் ஓ.எம்.ஆர்., ஐ.டி. கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடு. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை அமைக்கப்படும் மெட்ரோ ரயில் பாதையும் இந்த வழியாகத்தான் வருகிறது.

ஐ.டி. வேலைக்குப் போகும் குடும்பங்கள் குடியேறியதால் இங்கே வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது அலுவலகமும் பள்ளிக்கூடமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால், ஒன்று இருந்த வீட்டில் இரண்டாகியது. எனவே சர்வீஸ் கடைக்கு வாடிக்கையாளர் பஞ்சம் கிடையாது. பஞ்சம் எல்லாம் ஆளுக்குத்தான். காரணம், வாடிக்கையாளரைக் கொண்டு வந்து சேர்த்த அதே ரோடுதான் வேலை தெரிந்த பையன்களை ஏற்றிக்கொண்டும் போகிறது.

ஹார்ட்வேர் ஓரளவு தெரிந்த ஒரு பையனுக்கு இந்தப் பகுதியில் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். ஓ.எம்.ஆரில் ‘டெஸ்க்டாப் சப்போர்ட்’ வேலை. தாம்பரத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் வைத்து ஆள் அழைத்துப் போகும் தொழிற்சாலைகள். எதுவும் பிடிக்கவில்லை என்றால், ஒரு பைக்கும் ஒரு செல்போனும் போதும், உணவு டெலிவரியில் இறங்கிவிடலாம்.

இவற்றோடு பத்துக்குப் பத்து கடை போட்டி போட வேண்டும். சம்பளத்தில் மட்டும் அல்ல. பையனின் வீட்டில் கேட்கும் முதல் கேள்வியே ‘பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா?’ என்பதுதான். சட்டப்படி பி.எப். கட்டாயமாவது 20 பேர் வேலை செய்யும் இடத்தில். ஈ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேர் இருக்கும் இடத்தில். முதலாளியும் இரண்டு பையன்களும் இருக்கும் கடைக்கு இரண்டுமே கட்டாயம் இல்லை. விரும்பினால் பி.எப்.பில் தானாக முன்வந்து சேரலாம் என்றாலும், அந்தக் கணக்கு வேலையைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்! பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘கம்பெனியில் வேலை’ என்று சொல்வதற்கும் ‘சர்வீஸ் கடையில் வேலை’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

வேலையே மாறிவிட்டது

இருபது வருடத்துக்கு முன்னால் சர்வீஸ் கடை வேலை என்பது பெரும்பாலும் டெஸ்க்டாப் வேலை. எஸ்.எம்.பி.எஸ். போனால் எஸ்.எம்.பி.எஸ். மாற்று, ராம் போனால் ராம் மாற்று, ஹார்ட் டிஸ்க் போனால் அதை மாற்றி விண்டோஸ் போடு. இதற்கு ‘கார்டு லெவல்’ சர்வீஸ் என்று பெயர். எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாப் பாகமும் கிடைக்கும். கொஞ்சம் ஆர்வம் உள்ள பையன் ஆறு மாதத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு விடுவான்.

பிறகு லேப்டாப் காலம் வந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியபின், கம்ப்யூட்டரே பார்த்திராத வீடுகளுக்கும் லேப்டாப் போய்ச் சேர்ந்தது. லேப்டாப்பில் பெரும்பாலான சர்க்யூட்டுகள் ஒரே மதர்போர்டில் அடக்கம். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் கூட மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. கழற்றி மாற்ற வழியே கிடையாது. மதர்போர்டையே மாற்றினால் பழைய லேப்டாப் விலையில் பாதி போய்விடும். எனவே போர்டில் எந்த ஐ.சி. பழுது, எங்கே ஷார்ட் என்று மல்டிமீட்டர் வைத்துத் தேடி, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். இதுதான் ‘சிப் லெவல்’ சர்வீஸ்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் எலெக்ட்ரானிக் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அதன்பின் உலகம் முழுவதும் ஈயம் இல்லாத சாலிடர் வழக்கத்துக்கு வந்தது. பழைய ஈய சாலிடர் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புதியது உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். சூடு குறைந்தால் ஐ.சி. எழும்பாது, கூடினால் போர்டு வெந்துவிடும். இந்தப் பக்குவம் புத்தகம் படித்து வருவதல்ல. பத்து போர்டைக் கெடுத்த பிறகுதான் கை படியும். அந்தப் பத்து போர்டுக்கும் யார் காசு கொடுப்பது?

சாப்ட்வேர் பக்கமும் இதே கதைதான். ‘எதற்கெடுத்தாலும் பார்மட்’ என்ற பழைய வைத்தியம் இப்போது ஆபத்தானது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24 எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தால், வசதி உள்ள கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அதைத்தான் என்கிரிப்ஷன் என்கிறோம். மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது அத்தனையும் போனது போனதுதான். இதை அறியாத ஒரு பையன் நல்லெண்ணத்தோடு வேலை செய்தாலும் உங்கள் பத்து வருட போட்டோக்களைத் தொலைத்து விடலாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. ‘என் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது?’ என்று கேட்டு வருபவருக்குச் சரியான பதில் சொல்லவும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆக, கடைக்குத் தேவைப்படும் ஆளின் தகுதி மூன்று மடங்கு உயர்ந்திருக்கிறது. கடையின் வருமானம் அப்படி உயரவில்லை.

வேலை கேட்டு வருபவர்கள் யார்?

‘ஆள் தேவை’ என்று போர்டு வைத்தால் பொதுவாக மூன்று விதமானவர்கள் வருவார்கள்.

முதலாமவர் ஹார்ட்வேர் நெட்வொர்க்கிங் கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வருபவர். கோர்ஸில் பாகங்களின் பெயரெல்லாம் படித்திருப்பார். ஆனால் ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் கை எங்கே பழகும்?

இரண்டாமவர் பி.ஈ. முடித்தவர். ஐ.டி. கம்பெனியின் அழைப்புக்காகக் காத்திருக்கும் வரை பொழுதுபோக்காக வருவார். புத்திசாலியாக இருப்பார். அழைப்பு வந்த அன்றே போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாமவர் பிளஸ் 2-வோடு படிப்பை நிறுத்திய பக்கத்துத் தெருப் பையன். சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் பார்த்து அடி வாங்கியவனாக இருந்தால் அவன்தான் பொக்கிஷம். கற்றுக்கொடுக்கப் பொறுமை உள்ள முதலாளி கிடைத்தால் நன்றாக வருவான்.

ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் வருவதில்லையா என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் ஹார்ட்வேர், நெட்வொர்க் பராமரிப்புக்கென்றே ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. அதில் நன்றாகப் படித்தவர்களைப் பெரிய கம்பெனிகள் விடுவதில்லை.

அப்படியானால் படிக்கும் பையனை அப்ரண்டிஸாக எடுத்துப் பழக்கலாமே? அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் விதிகளை 2019-ல் திருத்தினார்கள். அதன்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே தரும் திட்டமும் 2016 முதல் இருக்கிறது. ஆனால் முதலாளியோடு இரண்டு பேர் மட்டும் உள்ள கடை இந்த எல்லைக்குள்ளேயே வராது. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களுக்கு அது எட்டாமல் போகிறது. எனவே சின்னக் கடையில் பையனைப் பழக்கும் செலவு முழுவதும் முதலாளியின் கையிலிருந்துதான்.

ஒரு கனெக்டர், பல பதில்கள்

சான்றிதழைப் பார்த்து ஆள் எடுப்பதில் பயனில்லை என்பது அனுபவமுள்ள கடைக்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் ஒரு எளிய சோதனை வைக்கலாம். நன்றாக ஓடும் ஒரு டெஸ்க்டாப்பை எடுத்து, மதர்போர்டில் பிராசசருக்குப் பக்கத்தில் செருகியிருக்கும் 12 வோல்ட் கனெக்டரை மட்டும் கழற்றிவிட வேண்டும். 4 அல்லது 8 பின் கொண்ட சின்னக் கனெக்டர் அது. இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் எதுவும் வராது. வேலை கேட்டு வந்தவர் முன்னால் இதை வைத்து, ‘என்ன கோளாறு பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ‘மதர்போர்டு போச்சு சார்’ என்பார். இன்னொருவர் ராமைக் கழற்றித் துடைத்துப் போடுவார். பரவாயில்லை, ஆனால் அதோடு நின்றுவிடுவார். மற்றொருவர் முதலில் மானிட்டர் கேபிளைப் பார்ப்பார். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபினெட்டைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். கடைசியில் கண்டுபிடிக்காமல் போனாலும் சரி, இவரைத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். எளிய காரணத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் மற்றதைக் கற்றுக்கொடுத்து விடலாம். எடுத்த எடுப்பில் மதர்போர்டு என்று சொல்லும் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

இன்னும் மூன்று விஷயங்களையும் கவனிக்கலாம். கழற்றிய ஸ்க்ரூக்களைப் பிரித்து வைக்கிறாரா? உள்ளே தொடும் முன் பிளக்கைப் பிடுங்கினாரா? நமது 230 வோல்ட் மின்சாரம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். இது தெரியாதவர் கையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கக் கொடுக்கக் கூடாது. மூன்றாவது, தெரியாததைத் ‘தெரியாது’ என்று சொல்கிறாரா? இந்தத் தொழிலில் தெரியாது என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

நீங்களும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரைத் திறப்பவர் எப்படிப்பட்டவர் என்று எடைபோட இதே அளவுகோல் போதும்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

‘சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் ஆள் வரப் போகிறார்கள், இதில் என்ன பெரிய பிரச்சினை?’ என்று தோன்றலாம். அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முன்பு கடைக்காரர் உழைப்புக்கென்று தனியாகப் பெரிய தொகை வாங்கியதில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய பாகத்தின் மேல் ஒரு லாபம் வைப்பார். பழுது பார்த்த கூலி அந்த லாபத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. வாடிக்கையாளரும் ‘ராம் வாங்கினேன், சும்மா மாட்டிக் கொடுத்தார்’ என்று சந்தோஷமாகப் போவார். 2007-ல் பிளிப்கார்ட்டும், 2013-ல் அமேசானும் இந்தியாவில் கடை விரித்த பிறகு அந்த லாபம் கரைந்துவிட்டது. இன்று வாடிக்கையாளர் கடையில் நின்றுகொண்டே செல்போனில் விலை பார்க்கிறார். சிலர் பாகத்தையே ஆன்லைனில் வாங்கிவந்து ‘மாட்டிக் கொடுங்கள்’ என்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் மாட்டிக் கொடுப்பதற்குக் கூலி கேட்டால் மட்டும் முகம் மாறுகிறது.

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பையனுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 600 ரூபாய். ஒரு வேலைக்குக் கூலி 300 ரூபாய் என்றால், தினமும் இரண்டு வேலை முடித்தால்தான் அவர் சம்பளம் தேறும். அன்றைக்கு நான்கு கம்ப்யூட்டர் வருகிறது. ஒருவர் ‘என்ன பிரச்சினை என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகிறார். இன்னொன்று போன வாரம் சரிசெய்தது, மறுபடியும் வந்திருக்கிறது. மீதி இரண்டுக்குத்தான் காசு. அது சம்பளத்துக்குச் சரியாகிவிட்டது. கடை வாடகை, கரண்ட் பில், வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டை வரை போய் ரிச்சி தெருவில் பாகம் வாங்கி வரும் அரை நாள், முதலாளியின் வீட்டுச் செலவு இதற்கெல்லாம் எங்கே போவது?

இந்த இடத்தில்தான் கடைக்காரர் தடுமாறுகிறார். ஒன்று, குறைந்த சம்பளத்துக்கு எதுவும் தெரியாத ஆளை வைக்கிறார். அல்லது ‘நீ விற்கும் பாகத்துக்குக் கமிஷன் தருகிறேன்’ என்கிறார். கமிஷன் பாகத்தின் மேல் இருந்தால் பையன் கண்ணுக்கு எல்லாப் பாகமும் பழுதாகத்தான் தெரியும். துடைத்துப் போட்டால் ஓடக்கூடிய ராம் குப்பைக்குப் போகும். இலவசமாகப் பார்த்துச் சொல்லச் சொன்ன வாடிக்கையாளர், தன்னையறியாமல் இதற்கான விலையை வேறு வழியில் கொடுத்துவிடுகிறார்.

பழகியதும் பறந்துவிடுவார்

இத்தனையும் தாண்டி ஒரு நல்ல பையன் அமைந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருடத்தில் சாலிடர் கை படிந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்குகிறார்கள். அடுத்து என்ன நடக்கும்? ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்துப் போவான். இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளிச் சொந்தக் கடை போடுவான். பழைய கடையின் வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் அவன் செல்போனில்தான் இருக்கும்.

கடைக்காரர்கள் இதை நன்றி கெட்ட செயல் என்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்களில் பலரும் இப்படி வேறொரு கடையிலிருந்து வந்தவர்கள்தான்! ரிச்சி தெருவில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, புறநகரில் கடை போட்டவர்கள் உண்டு. வேலை தெரிந்தவனுக்கு வளர வழி வேண்டும். இரண்டு பேர் உள்ள கடையில் பதவி உயர்வு என்று ஒன்று கிடையாது. பயந்து கற்றுக்கொடுக்காமல் இருந்தால் நஷ்டம் கடைக்குத்தான். கற்றுக்கொள்ளாத பையன் போகமாட்டான், அவனால் வரும் வாடிக்கையாளர்தான் போவார்.

சாவியைக் கொடுப்பது போல

ஆள் எடுப்பதில் திறமையை விடப் பெரிய கேள்வி நம்பிக்கை. சர்வீஸுக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டர் வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி.

2008-ல் ஹாங்காங்கில் நடந்தது உலகம் முழுவதும் பேசப்பட்டது. நடிகர் எடிசன் சென் பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து அவரது அந்தரங்கப் படங்கள் வெளியே போயின. படங்களை எடுத்த டெக்னீஷியனுக்கு 2009-ல் எட்டரை மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2022-ல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். உள்ளே யார் எதைத் திறக்கிறார்கள் என்று பதிவு செய்யும் லேப்டாப்களை 16 சர்வீஸ் கடைகளில் கொடுத்தார்கள். அவற்றில் ஆறு கடைகளில் வேலைக்குத் தேவையே இல்லாத சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு கடைகளில் காப்பியும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையது போல் அமைக்கப்பட்ட லேப்டாப்களில் இது அதிகம்.

நம் நாட்டிலும் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தகவல்களை எடுப்பது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இது பல பையன்களுக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும் முதல் நாளே முதலாளி சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்வது இன்னும் நுட்பமானது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் பையனை அனுப்ப வேண்டியிருக்கும். தெரியாத ஊரிலிருந்து வந்த ஆளை முதல் வாரமே அனுப்ப எந்த முதலாளிக்கும் தைரியம் வராது. எனவே வெளி வேலைக்கெல்லாம் அவரே போவார். கடையில் பையன் தனியாக இருப்பான். சிக்கலான வேலை காத்துக் கிடக்கும். ‘நாளைக்கு வாங்க சார்’ என்பதன் பின்னால் இருக்கும் காரணம் பல நேரம் இதுதான்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

முழுத் தீர்வு என்று எதுவும் இல்லை. ஆனால் சில வழிகள் கைகொடுக்கும்.

பாகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று பிரித்து, கூலிப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுவது முதல் வேலை. பழுது பார்த்துச் சொல்வதற்கும் ஒரு தொகை வைத்து, வேலையை அங்கேயே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். பையனுக்குப் பங்கு தருவதாக இருந்தால் கூலியில் தர வேண்டும், பாகத்தில் அல்ல. திரும்பி வந்த வேலைக்குப் பங்கு இல்லை என்றால் முதல் தடவையே கவனமாகச் செய்வான்.

வரும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஜாப் ஷீட் எழுதினால் வாடிக்கையாளர் விவரம் கடையிலேயே தங்கும். ஒருவர் போனாலும் அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடரலாம். வாரத்தில் அரை நாள் செத்த போர்டுகளை வைத்துப் பழக விடலாம். ரிச்சி தெருவில் பழைய போர்டுகள் கிடைக்கும். வாடிக்கையாளர் போர்டில் பழகுவதை விட இது மலிவு. நன்றாகத் தேறியவர் போகும்போது சண்டை போடாமல் அனுப்பினால், நாளை அவர் கடைக்கே சிப் லெவல் வேலையை அனுப்பலாம், அவரிடமிருந்தும் வேலை வரும்.

பெண்களை இந்த வேலைக்கு எடுக்கத் தயங்குவதும் மாற வேண்டும். செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் நுண்ணிய வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். அந்தக் கை சர்வீஸ் மேஜையிலும் ஓடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

1. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே நல்ல கடை ஒன்றைத் தேடி வையுங்கள். ‘இங்கே சர்வீஸ் பார்ப்பவர் எத்தனை வருடமாக இருக்கிறார்?’ என்று கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கடை என்றால் யோசியுங்கள்.

2. முக்கியக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகே சர்வீஸுக்குக் கொடுங்கள். விண்டோஸ் 11 என்றால் ரெக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பேட்டரி, கீபோர்டு, டிஸ்ப்ளே மாற்றுவதற்கு வழக்கமாகப் பாஸ்வேர்டு தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தேவைப்பட்டால் தனி யூசர் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள்.

4. ஜாப் ஷீட் வாங்குங்கள். மாடல், சீரியல் நம்பர், கோளாறு, உத்தேசச் செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘பார்மட் செய்யும் முன் கேட்கவும்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

5. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்கமாட்டார்.

6. பார்த்துச் சொன்னதற்கும் காசு கொடுங்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்றாலும் பீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்?

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஆள் பஞ்சத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. மெட்ரோ வரட்டும், ஓ.எம்.ஆர். இன்னும் வளரட்டும். கோவிலம்பாக்கத்துக் கடையில் ஒரு பையன் நின்று வேலை கற்க வேண்டுமானால், அவன் கற்ற வேலைக்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்க நாம் தயாரானால், அடுத்த முறை உங்கள் கம்ப்யூட்டர் படுக்கும்போது அதை எழுப்பத் தெரிந்த ஆள் அந்தக் கடையில் இருப்பார்.